தம் கையால் தோணி கட்டினோர்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் இலக்கியப் பொருள் ஒன்று பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் என்னைக் கேட்டிருந்தார். யானோ தச்சு வேலையைப் பற்றிப் பேச அவரிடம் இசைவு பெற்று வந்திருக்கின்றேன். தமிழ்ப் புலமைக்கும் இழைப்புளிக்கும் என்ன உறவு என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் சிலர் புன்முறுவல் பூப்பது எனக்குத் தெரிகின்றது. சிறிது பொறுத்தருள வேண்டுகின்றேன்.

தச்சுத் தொழிலைப் பரம்பரையாகவேனும் பிழைப்பாகவேனும் கொள்ளாத ஆசிரியர், எழுத்தர், கடைக்காரர், மருத்துவர் முதலியோர், தம் வீட்டுக் கொட்டகையில் தம் கையாலேயே சிறு மரத்தோணி ஒன்றைக் கட்டி, அதில் தாமும் தம் மக்களும் ஏறி நீரிற் செல்லும் வழக்கம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பரவியுள்ளது. அவ்வரலாறே இன்று யான் கூறப் புகுவது.

இதனை எடுத்தமைக்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகட்கு ஏட்டுக் கல்வியைக் குறைவறக் கொடுத்து வருகின்றோம். ஆயின், கதவின் தாழ்ப்பாள் தளர்ந்தவிடத்துத் திருகாணியை இறுக்கத் தெரிந்த பிள்ளை எத்தனை வீட்டில் உளன்? தேர்விற் சிறந்த மாணவன் ஒருவன் சுத்தியலை எழுதுகோல் போலத் தலையோரமாய்ப் பிடித்து ஆணி அடிக்க முயன்றதை யான் கண்டிருக்கின்றேன். அவன்மேற் குற்றமில்லை, அவன் கையில் அதனை யாரும் முன்னர்க் கொடுத்ததில்லை. "எழுதுகிற கைக்கு உளி எதற்கு?" என்று தந்தையே தடுத்துவிடுகின்றார்.

தோணியோ தாழ்ப்பாள் அன்று. நாற்காலியைக் கோணலாகச் செய்தால் அதில் இருப்போன் சற்றுச் சாய்ந்திருப்பான், அவ்வளவே. தோணியை ஏனோதானோவென்று செய்தவன் அதன் பயனை நடுநீரில் அறிவான். தன் பிள்ளையின் உயிரைத் தன் கைவேலையின்மேல் ஏற்றும் துணிவு ஒரு கணக்கெழுத்தருக்கு எங்ஙனம் வந்தது? அது குருட்டுத் துணிவு அன்று. அதனை அவர்க்கு ஈந்தவர் அத்தொழிலில் வல்ல தலைமைக் கைவினைஞரே. தமக்கு எளிதாயிருந்த வேலையைப் பிறர்க்கும் எளிதாகுமாறு வடிவத்தையே மாற்றி அமைத்துக் கொடுத்தனர் அவர்.

இத்தகையோரை ஆங்கிலத்தில் அமெச்சூர் என்பர். நாடக சபைகளால் அச்சொல் நமக்குப் பழகியதே. இலத்தீன் மொழியில் அதன் வேர்ப்பொருள் அன்பு செய்வோன் என்பதாம். இக்காலத்தில் அதனை அரைகுறை என்னும் பொருளில் இகழ்ச்சியாக வழங்குகின்றோம். 1891ஆம் ஆண்டு சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் முதலியோர் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தபோது, கற்றவர் மேடையேறுவதா என்று முகஞ்சுளித்தவர் பலர். வழக்கறிஞரும் அலுவலரும் வேடம் புனைந்து நடித்தமையால் நாடகக் கலைக்கு இழுக்கு நேரவில்லை, மதிப்பே உயர்ந்தது. உளியும் அத்தகைய மேடை ஒன்றே.

முன்னாளில் மரக்கலம் கட்டும் முறை சாமானியர்க்கு எட்டாதது. முதலில் கலத்தின் வளைவுகளை முழு அளவில் தரையில் வரைந்துகொள்ளல் வேண்டும். ஏரா என்னும் அடிமரத்தை நிறுத்தி, விலாவெலும்பு போன்ற வங்குக்கால்களை நீராவியில் வேகவைத்து வளைத்துப் பொருத்தல் வேண்டும். பின்னர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செதுக்கி அவ்வளைவுகளோடு இணைத்தல் வேண்டும். எப்பலகையும் நேர்ப்பலகை அன்று. நடுவில் அகன்றும் இருமுனையிற் குறுகியும், ஓரிடத்து நிமிர்ந்தும் ஓரிடத்து முறுகியும் அமைவது. இறுதியில் இடுக்குகளில் நார் திணித்துக் கலப்பற்றிட்டு நீர் புகாமற் செய்தல் வேண்டும். இவையெல்லாம் இளமை தொட்டு ஆசான் அருகிருந்து கண்ணாலும் கையாலும் பழகியவர்க்கே கைவரும். ஏட்டில் எழுதிக் கற்பிக்க இயலாத வித்தை என்றே எல்லாரும் கருதினர்.

இக்கருத்தை முதலில் அசைத்தது ஒரு திங்களிதழ். 'ரட்டர்', அதாவது சுக்கான், என்னும் பெயரால் 1890ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கியது அது. அதன் ஆசிரியர் தாமஸ் பிளெமிங் டே என்பவர் 1901ஆம் ஆண்டு தம் நண்பரோடு கூடிக் 'கடற்பறவை' என்னும் பொருள்படும் 'சீ பேர்ட்' என்ற சிறு பாய்க்கலத்திற்கு வரைபடம் வகுத்தார். பானை வயிறு போன்ற உருண்டை வளைவை விட்டு, அடிப்பக்கம் மடித்த ஓலை போல இருபுறமும் சாய்ந்து நேராக அமையும் வடிவத்தை அவர் கொண்டார். புதியவன் கைக்கு ஏற்ற வடிவம் அதுவே. அதன் கட்டுமுறையை விளக்கி வெளியிட்டார். "நூற் படிப்பினால் கட்டிய பெட்டி கடலில் நிற்குமா?" என்று நகைத்தவர்க்கு விடையாக, 1911ஆம் ஆண்டு அக்கலத்திலேயே துணைவர் இருவரோடு அட்லாண்டிக் மாகடலைத் தாமே கடந்து இத்தாலி சென்று சேர்ந்தார். நமது சங்க இதழைப் படித்தபின் மிளகாய் மடிக்கப் பயன்படுத்துவோர், ஓர் இதழ் செய்யவல்ல பணியை எண்ணிப் பார்த்தல் நலம்.

இவ்விதழின் வழிவந்தவருள் ஹாரி பிட்ஜன் என்பவர் தனிச் சிறப்புடையர். அவர் 1869ஆம் ஆண்டு அயோவா மாநிலத்து உழவர் குடியிற் பிறந்தவர். அயோவா கடலினின்று நெடுந்தொலைவில் உள்ள உள்நாடு. ஒளிப்படம் எடுத்தல் அவர் பிழைப்பு. 'சீ பேர்ட்' வரைபடத்தைப் பெரிதாக்கிய வடிவம் ஒன்றைக் கொண்டு, லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகக் கரையில் 34 அடி நீளமுள்ள 'ஐலண்டர்' என்னும் கலத்தைத் தனியராய்க் கட்டினார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு உழைப்பும் ஆயிரம் டாலர் அளவு பொருளும் செலவாயின. கடலோடும் கலையைப் பெரும்பாலும் நூல்களிலேயே கற்றார். 1921ஆம் ஆண்டு நவம்பரிற் புறப்பட்டு, தாம் ஒருவராகவே உலகைச் சுற்றி, 1925ஆம் ஆண்டு அக்டோபரில் அதே துறைமுகத்துக்குத் திரும்பினார். தனியே உலகைச் சுற்றியவருள் அவர் இரண்டாமவர். முதல்வரான ஜோஷுவா ஸ்லோகம் பிறவி மாலுமி, கப்பல் தலைவராயிருந்தவர். பிட்ஜனோ ஏர்பிடித்த குடியினர். ஐம்பதைக் கடந்த அகவையில் அவர் இதனைச் செய்தார் என்பதைக் கூறும்போது, நாற்பதிலேயே முழங்கால் வலியைச் சொல்லிக் கொள்ளும் எனக்குச் சிறிது நாணம் உண்டாகின்றது.

ஆயினும், ஒன்றரை ஆண்டுக் காலமும் பாரமான மரமும் எல்லார்க்கும் வாய்க்குமா? சிறு வீட்டில் வாழும் சிற்றூதியக்காரர்க்கு வழி திறந்தது வேறொரு பொருள். ப்ளைவுட் என்று வழங்கும் ஒட்டுப்பலகையே அது. மரத்தண்டினின்று மெல்லிய ஏடுகளாக உரித்து, ஓர் ஏட்டின் நாரோட்டம் மற்றதன் நாரோட்டத்துக்குக் குறுக்காக அமையுமாறு அடுக்கி ஒட்டுவது. தனிப்பலகை நாரோட்டத்தின் வழியே எளிதிற் பிளக்கும். இதனை அடுத்த ஏடு பிளக்கவிடாது. அதனால் விரற்கடைக்கும் குறைந்த கனமுள்ள தகடே தோணிக்குப் போதுமாயிற்று. வங்குக்கால்கள் பலவும் வேண்டாவாயின. நீரில் ஊறினும் பிரியாத பசைகள் வந்தபின் இது கலத்துக்கும் ஏற்றதாயிற்று.

1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிளாரிடா மாநிலத்துக் கிளியர்வாட்டர் என்னும் ஊரில் மேஜர் கிளிபர்டு மெக்கே என்பவர், சிறுவர் தம் தந்தையரோடு வீட்டிலேயே கட்டத்தக்க தோணி ஒன்று வேண்டும், அதன் செலவு 50 டாலரைக் கடத்தலாகாது என்றார். அவ்வூர்த் தோணித் தச்சர் கிளார்க் மில்ஸ் அதனை வகுத்துத் தந்தார். கடையில் விற்கும் ஒட்டுப்பலகை எட்டடி நீளம், நான்கடி அகலம். அந்நீளத்துக்குள் தோணி அடங்க வேண்டுமாதலின், கூரிய அணியத்தை விட்டு மொண்ணையான முன்முகத்தை வைத்தார். 'ஆப்டிமிஸ்ட்' என்னும் அச்சிறு தோணியைக் கண்டவர் குளிக்கும் தொட்டிக்குப் பாய் கட்டியது போலுள்ளது என்று நகைப்பர். ஆயினும், ஒலிம்பிக் பாய்த்தோணிப் போட்டிகளில் வென்றவர் பலர் இளமையில் அத்தொட்டியிற் பயின்றவரே. அழகினும் அளவு முந்தியது. அளவிலிருந்தே வடிவம் பிறந்தது. மில்ஸ் அவ்வரைபடத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அவ்வூர்ச் சங்கத்துக்கே கொடையாகக் கொடுத்துவிட்டார்.

இனி இங்கிலாந்துக்குச் செல்வோம். அங்கே பேரி பக்நெல் என்பவர் பிபிசி தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் முறையைக் கற்பித்துப் புகழ் பெற்றவர். தேம்ஸ் ஆற்றங்கரைப் புட்னியில் தோணி கட்டித் தேர்ந்தவர் ஜாக் ஹோல்ட். இவ்விருவரும் சேர்ந்து வகுத்த தோணியை 'டெய்லி மிர்ரர்' நாளிதழ் ஏற்று, 1963ஆம் ஆண்டு இலண்டன் தோணிக் கண்காட்சியில் வெளியிட்டது. நாளிதழின் பெயரே தோணிக்கும் ஆயிற்று. நீளம் 10 அடி 10 அங்குலம். பாய்கள் செந்நிறம். அறுத்த பலகை, செப்புக் கம்பி, பசை, பாய் யாவும் அடங்கிய கட்டின் விலை 63 பவுனும் 11 ஷில்லிங்கும். அக்காலத்து ஆங்கிலத் தொழிலாளி ஒருவரின் நான்கு வாரக் கூலி என்னலாம். இதுவரை எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மிர்ரர் தோணிகள் கட்டப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் எல்ஸ்மியர் என்னும் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராயிருந்த மெக்கின்னன் என்பவர் 1997ஆம் ஆண்டு பழைய மிர்ரர் ஒன்றில் ஏறி, ஆற்றுவழியாகப் புறப்பட்டு, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, ஐரோப்பாவின் ஆறுகளின் வழியே கருங்கடல் வரை சென்றார். ஆசிரியர் இனத்துக்குப் பெருமை தேடித் தந்த அவரை ஈண்டு நினையாது விடுதல் முறையன்று.

இத்தோணியின் புதுமை அதன் தையலில் உள்ளது. கென் லிட்டில்டைக் என்பவர் சிறு கயாக்குகளுக்குக் கையாண்ட முறையை ஒட்டியது இது. அதனைச் சற்று விரித்துக் கூறுகின்றேன். தாய்மார்கள் எம்மினும் விரைவில் இதனை விளங்கிக் கொள்வர்.

மந்தார இலைகளை ஈர்க்கினால் தைத்து உண்கலம் ஆக்குகின்றோம். தட்டையான இலை, ஓரத்தை மடித்துக் குத்தியவுடன் தொன்னையாய்க் குழிந்து சாற்றைத் தாங்குகின்றது. பனையோலையைக் குவித்துப் பட்டை பிடித்தால் பதநீர் அதில் நிற்கின்றது. ஒட்டுப்பலகையும் ஓலையும் ஒரே இயல்பின. ஒருபக்கமாய் வளையும், ஒரே வேளையில் இருபக்கமும் வளைக்கப் புகுந்தால் வெடிக்கும். ஆதலின், ஓரங்களின் வளைவைச் சரியாக வெட்டிவிட்டால், அவ்வோரங்களைச் சேர்த்துத் தைக்கும்போது, கலத்தின் உருவம் தானே எழுகின்றது. கண்ணளவும் கைத்திறனும் தேடிய வளைவு, தாளில் வரைந்த கோட்டிலேயே அடங்கிவிட்டது. வீட்டில் தடித்த மட்டைத்தாள் இருந்தால் இன்றிரவே செய்து பாருங்கள். ஒரேயளவுள்ள இரண்டு நீண்ட துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் கீழோரத்தையும் வில்போல வெட்டி, அவ்விரு வில்லோரங்களையும் நூலால் தைத்து, மேலே விரித்துப் பிடியுங்கள். உங்கள் கையில் ஓர் ஓடம் இருக்கும். எம் வகுப்பு மாணவர்க்குக் கணக்கும் தமிழும் தராத வியப்பை அம்மட்டைத்தாள் தந்ததுண்டு.

மெய்த் தோணியில் செய்யும் முறையும் அதுவே. வெட்டிய பலகைகளின் ஓரங்களில் தமரூசியால் சிறு துளைகள் இடுவர். துளைதோறும் செப்புக் கம்பியைக் கோத்துக் குறட்டால் முறுக்குவர். எல்லாக் கம்பியையும் முதலில் தளர்வாகவே முறுக்கல் வேண்டும். ஒருபுறத்தை இறுக்கிவிட்டு மறுபுறம் சென்றால் கலம் முழுதும் திருகிக்கொள்ளும். அணியத்தின் நடுவிலிருந்து பின்புறத்து இரு மூலைகளுக்கும் நூல் பிடித்து, இரு நீளமும் ஒத்துள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். முன்னும் பின்னும் குறுக்கே இரு நேர்கோல்களை வைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஒக்கத் தோன்றுகின்றனவா என்று தொலைவில் நின்று நோக்கல் வேண்டும். திருகல் இருக்குமாயின் இந்நிலையிலேயே கம்பியைத் தளர்த்தி நேர்செய்யலாம். பசை காய்ந்தபின் திருகிய தோணி திருகியதே. நேரே செலுத்தினும் ஒருபக்கம் இழுக்கும். அந்நூலைப் பிடித்து அளக்கும் அரைமணி நேரத்தில்தான் தோணியின் தலைவிதி எழுதப்படுகின்றது. விரைவாக முடிக்கும் அவாவினால் அதனைக் கடந்து செல்வோர் உளர்.

பின்னர் உள்மூட்டுகளில் ரெசின் என்னும் செயற்கைப் பிசினைப் பூசிக் கண்ணாடி நூலால் நெய்த நாடாவை அதன்மேற் பதிப்பர். இக்காலத்தில் எபாக்சி என்னும் பசையில் மெல்லிய மரத்தூளைக் குழைத்து, கரண்டியின் முதுகால் மூட்டின்மேல் வழித்து, மூலையை உருட்டிவிட்டு, அதன்மேல் நாடாவை இடுகின்றனர். அது கெட்டியானபின் வெளியே நீட்டிநிற்கும் கம்பிகளை நறுக்கி, ஓரத்தை இழைத்து, வெளிப்புறமும் நாடா ஒட்டுவர். வன்மை இப்போது பசையிலும் நாடாவிலும் உள்ளது. தையல் தன் கடமையை முடித்து நீங்கிவிட்டது.

இவ்விடத்து நம் கடற்கரையை நினைத்தல் தகும். சென்னையில் துறைமுகம் அமையுமுன் பெருங்கப்பல்கள் கரையை அணுக மாட்டாமல் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பயணிகளையும் மூட்டைகளையும் அலை கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகள் இரும்பாணியால் இறுக்கப்பட்டன அல்ல, தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. உள்ளே வங்குக்கால்களும் இல்லை. அலை அறையும்போது அவை நெகிழ்ந்து கொடுத்தன; ஆணியடித்த மேனாட்டுப் படகுகளோ அவ்வலையில் உடைந்தன. இதனைக் கூறியவுடன், மேனாட்டார் தையலை நம்மிடமே கற்றனர் என்று மார்தட்டும் ஆர்வம் நமக்கு எழும். அதற்குச் சான்றில்லை. நம் தையல் என்றும் நின்று நெகிழ்ச்சியைத் தருவது. அவர்தம் தையல் பசை காயும்வரை பலகையைப் பிடித்து நிற்பது. இரண்டும் வேறு. கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலத்திற் புகுந்து, இன்று இரட்டை உடல் கொண்ட கலத்துக்குப் பெயராய் உலவுகின்றது. அது சொல்லின் பயணம். அதற்குச் சான்று உண்டு. அதனைச் சொல்லி மகிழலாம்.

எளிமை என்று பலகால் கூறினேன். அச்சொல் உங்களை ஏமாற்றாதிருக்க வேண்டும். சிக்கனம் கருதி, வீட்டு அலமாரிக்கு விற்கும் மலிவுப் பலகையை வாங்குவோன் கேட்டிற்கு முதல் வாயிலைத் திறக்கின்றான். அதன் உள்ளேடுகளில் இடைவெளிகள் இருக்கும், வெளியே தெரியா. நீர் உட்புகுந்து, ஓரிரு மழைக்காலத்தில் ஏடுகள் விரியும். கலத்துக்குரிய பலகையில் அவ்விடைவெளிகள் இல்லாதிருத்தலும், பசை கொதிநீருக்கும் பிரியாதிருத்தலும் வேண்டும். எபாக்சியில் சேர்க்கும் இறுக்கிக்கு அளவு உண்டு. விரைவிற் காய வேண்டுமென்று அதனை மிகுதியாகச் சேர்த்தால் விரைவும் வாராது; வன்மையும் குறையும். வெறுங்கையால் அப்பசையைத் தொட்டுத் தொட்டுத் தோல் தடித்து, பின்னர் அதன் அருகிலேயே செல்ல இயலாதவரானோரும் உளர், கையுறை இன்றியமையாதது. மிர்ரர் தோணியின் ஓரங்களில் காற்றடைத்த மூடிய அறைகள் உள்ளன. தோணி கவிழ்ந்து நீர் நிறைந்தாலும் அவ்வறைகளே அதனை மிதக்கவைக்கும். அவற்றின் மூட்டில் ஊசித்துளை இருந்தாலும் பயன் கெடும். வண்ணம் பூசியபின் அத்துளையைக் காண்பவர் யாரும் இலர். பிறர் காணாத மூட்டை ஒழுங்காகச் செய்தானா என்பது கட்டினவன் ஒருவனுக்கே தெரியும். அவன் பிள்ளை ஏறப்போவது அத்தோணியில்.

இங்ஙனம் எல்லாரும் கட்டத் தலைப்பட்டால் தொழில்முறைத் தச்சர் வாழ்வு என்னாவது என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. மேனாட்டில் மரத்தோணித் தச்சரை நலிவித்தவை கண்ணாடியிழையில் தோணியை அச்சில் வார்த்தெடுக்கும் தொழிற்சாலைகளே. சாமானியன் தன் கொட்டகையில் கட்டிய ஒரு தோணி, தச்சர் கட்டியிருக்கக்கூடிய தோணி அன்று. அது இல்லையேல் அவன் வாழ்நாளில் தோணியே இருந்திராது. ஒரு முறை தானே பலகையை இழைத்துப் பார்த்தவனே வல்லார் செய்த வேலையின் அருமையையும் அறிவான்; அதற்கு உரிய விலையை முணுமுணுக்காது கொடுப்பான். மரத்தோணிக் கலைக்கென்றே 1974ஆம் ஆண்டு ஜான் வில்சன் என்பவர் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 'வுடன்போட்' என்னும் இதழைத் தொடங்கினார். வல்லாரும் புதியோரும் அதனை ஒருங்கே படிக்கின்றனர். 1981 முதல் அதன் சார்பில் நடக்கும் பள்ளியில் முதுதச்சர்கள் ஆசிரியர்களாய் அமர்ந்து சாமானியர்க்குக் கற்பிக்கின்றனர்.

தொழிலை மறைத்துக் காத்தல் ஒரு வழி. திறந்து வளர்த்தல் மற்றொரு வழி. மறைத்துக் காப்போரைத் தச்சரிடம் மட்டுமே தேட வேண்டுவதில்லை. எம் புலவர் குழாத்தில், உரைக்கு உரை வேண்டும்படி உரை எழுதி, விளங்காமையே புலமைக்கு அடையாளம் என்று இருந்தாரும் இருக்கின்றாரும் உண்டு. ஜாக் ஹோல்ட் கைதேர்ந்த தச்சர். தம் திறமையால் மட்டுமே கட்டத்தக்க அருமையான கலம் ஒன்றை வகுத்துப் பெயர் பெறுதல் அவர்க்கு அரிதன்று. கைதேராத ஒருவன் கட்டினும் பழுதுபடாத வடிவத்தைத் தேடுதல் அதனினும் அரிது. புதியவன் எங்கே தடுமாறுவான், எங்கே சோம்புவான் என்பதையெல்லாம் முன்னரே எண்ணி, எட்டடிப் பலகைகளை எங்கே ஒட்டி நீட்டுவது, பாய்மரத்தை எத்துணைக் குறுகிய துண்டுகளாக்கினால் எல்லாம் ஒரு கட்டினுள் அடங்கும் என்று அமைத்தல், வகுப்பறையில் கடைசி வரிசை மாணவனுக்குப் பாடம் வகுப்பது போன்றதாகும். யான் அவரை ஆசிரியர் என்றே கொள்கின்றேன்.

இறுதியாக ஸ்காட்லாந்து நாட்டுச் செய்தி ஒன்று. இதுகாறும் கூறியது தனி மனிதரும் குடும்பத்தாரும் செய்தது. அங்கே ஊரார் கூடிச் செய்தனர். அந்நாட்டின் கீழ்க்கரையில் ஆன்ஸ்ட்ரதர் என்னும் ஊரில் மீன்பிடி வரலாற்றுக் காட்சிச்சாலை ஒன்றுளது. பழங்காலத்தில் ஊர்தோறும் நிகழ்ந்து அற்றுப்போன துடுப்புத் தோணிப் போட்டிகளை மீண்டும் உயிர்ப்பிக்க எண்ணிய அக்காட்சிச்சாலையார், ஐயன் ஊட்ரெட் என்னும் பெயர்பெற்ற வரைவாளரைக் கொண்டு, 22 அடி நீளமுள்ள தோணி ஒன்றை வகுப்பித்தனர். 'செயின்ட் ஏல்ஸ்' தோணி என்பது அதன் பெயர். நால்வர் துடுப்பு வலிக்க, ஒருவர் சுக்கான் பிடிப்பர். இது தையல் தோணி அன்று. ஒட்டுப்பலகைகளை ஓட்டுக் கூரை போல ஒன்றன் ஓரத்தின்மேல் ஒன்று படிய வைத்து ஒட்டுவது. பலகைகளை இயந்திரத்தால் அறுத்துக் கட்டாக அனுப்புவர். தோணியை விலைக்கு வாங்குதல் கருத்தன்று. ஊரார் தாமே கூடிக் கட்டல் வேண்டும். துடுப்புகளையும் தாமே செதுக்குதல் வேண்டும்.

2010ஆம் ஆண்டு ஆன்ஸ்ட்ரதரில் முதற் போட்டி நிகழ்ந்தது. 2013ஆம் ஆண்டு மேற்குக் கரையில் உள்ள உல்லாபூல் என்னும் ஊரில் பல நாட்டாரும் கலந்த முதல் உலகப் போட்டி நிகழ்ந்தது. இப்போது இத்தோணிகள் ஸ்காட்லாந்திலும் அதற்கு அப்பாலும் நூற்றுக்கணக்கில் உள்ளன. மாலையிலும் விடுமுறையிலும் ஊர்க் கொட்டகையில் கூடுவோர் பலதிறத்தார்: ஓய்வு பெற்றோர், இல்லத்தரசியர், மருத்துவர், மீனவர், பள்ளிப் பிள்ளைகள். ஒரு பலகையை ஒட்டும்போது பசை உலருமுன் நீளம் முழுதும் பற்றுக்குறடுகளால் இறுக்கியாதல் வேண்டும். அதற்குப் பல கைகள் ஒரே நேரத்தில் தேவை. பெண்டிர் கட்டுவதோடு நில்லாமல் துடுப்பும் வலிக்கின்றனர். அவர்க்கென்றும், ஆண் பெண் கலந்தும், அகவை வரிசையாகவும் பந்தயங்கள் உண்டு. முதல் தோணி நீரில் இறங்கியபின், ஏறுதற்கு இடம் போதாமையால், இரண்டாவது தோணிக்குப் பலகை வரவழைத்து மீண்டும் அதே கொட்டகையைத் திறந்த ஊர்கள் சிலவுள.